நாற்று நட்ட விரல்

கேள்வி: என் அம்மா நாற்பது வருஷம் நடவு நட்டவர். மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குப் பதியப் போனால் கைரேகை விழவில்லை. மூன்றாவது முறை சர்வரே படுத்துவிட்டது. குறை யார் மேல்?
– வாசகர், திருவையாறு

பதில்: அம்மா விரல் மேல் இல்லை. சேற்றிலும் வைக்கோலிலும் தேய்ந்த ரேகை அது. அந்தக் கைகளுக்காகத்தான் திட்டமே. அவற்றைப் படிக்கத் தெரியாத கருவிதான் பரீட்சையில் தோற்றது.

நடவுக்கு முன் தண்ணீர் கட்டி வயலின் மட்டம் பார்ப்போம் அல்லவா? சர்வரையும் அப்படி முன்கூட்டியே சோதிக்க வேண்டும். அமெரிக்கா 2013 அக்டோபர் 1 அன்று தன் காப்பீட்டு இணையதளத்தைச் சரிவரச் சோதிக்காமல் திறந்தது. லட்சக்கணக்கானோர் மொய்த்தார்கள். முதல் நாள் பதிந்து முடித்தவர்கள் 6 பேர்! உங்களூர் ஆராதனைக்குப் பந்தல் போடுகிறவரைக் கேட்டிருந்தால், கூட்டத்தை முன்கூட்டியே கணக்குப் போடச் சொல்லியிருப்பார்.

நம் நாட்டுக் கோளாறு வேறு மாதிரி. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டப் பதிவுகளில் 7,49,820 பேருக்கு ஒரே செல்போன் எண், பத்து இலக்கமும் ஒன்பது, என்று 2023-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சொன்னது. போன் இல்லாதவரிடமும் எண் கேட்கும் படிவத்தில் இப்படித்தான் எதையாவது அடித்து நகர்வார்கள். எனக்கு அதில் கோபம் படிவத்தை வடிவமைத்தவர் மேல்தான்.

ரேகை விழாவிட்டால் கருவிழி, முகம், ஆதாரோடு இணைந்த போனுக்கு வரும் ஓ.டி.பி. என்று வேறு வழிகள் இருக்கின்றன. அடுத்த முறை அவற்றைக் கேட்டு வாங்குங்கள். அம்மாவை அலையவிடாதீர்கள்.