ஒரு ரூபாய் வரவு

ஏழைக்கு ஒரு வங்கிக் கணக்கைக் கட்டி வைத்தே தீருவது என்று சர்க்கார் கங்கணம் கட்டிக்கொண்டு நூறு வருஷத்துக்கு மேலாகிறது. முதலில் பெண் பார்க்கக் கிளம்பியது வெள்ளைக்காரன். மதராஸ் அரசாங்கம் பிரெடரிக் நிக்கல்சனை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. அவர் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து தலையணை கனத்தில் அறிக்கை எழுதி, ரைஃபைசன் மாதிரி ஒரு ஆளைத் தேடுங்கள் என்று முடித்தார். ஜெர்மனியில் கிராமக் கடன் சங்கங்களை வளர்த்தவர் ரைஃபைசன். நமக்குக் கிடைத்தது 1904இல் ஒரு சட்டமும், திரூரில் ஒரு கூட்டுறவுச் சங்கமும்.

ஐம்பது வருஷம் கழித்து ரிசர்வ் வங்கி கணக்கெடுத்துப் பார்த்தால், கிராமத்தான் வாங்கிய கடனில் நூற்றுக்கு எழுபது வட்டிக்கடைக்காரர் கொடுத்தது. கூட்டுறவு மூன்று. வணிக வங்கிகளின் பங்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. வட்டிக்காரரைச் சும்மா சொல்லக்கூடாது. ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினாலும் திறப்பார். போட்டோ கேட்க மாட்டார்.

1969 ஜூலை 19, சனிக்கிழமை இரவு, இந்திரா காந்தி வானொலியில் பேசி 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கினார். நிதி இலாகாவை மொரார்ஜி தேசாயிடமிருந்து பிடுங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஒன்றரை நாளில் மனிதன் நிலாவில் கால் வைத்துவிட்டான். வங்கி மேனேஜர் பல கிராமங்களில் கால் வைக்கத்தான் நாளானது. வந்தபோது கூடவே சங்கிலியில் கட்டிய பேனா வந்தது. அதில் மை மட்டும் வரவில்லை.

பிறகு கடன் மேளாக்கள். பந்தல், மைக், மாலை, மந்திரி. கறவை மாட்டுக் கடனில் ஒரே மாடு நாலு பேருக்குக் கடன் வாங்கிக் கொடுத்த கதையை ஊருக்கு ஊர் சொல்வார்கள். அந்த மாட்டுக்குத்தான் முதலில் கணக்கு திறந்திருக்க வேண்டும்.

2014 ஆகஸ்டில், வீட்டுக்கு வீடு வங்கிக் கணக்கு என்று ஜன் தன் திட்டம் வந்தது. ஒரே வாரத்தில் 1,80,96,130 கணக்குகள். கின்னஸ்காரர்கள் சான்றிதழே கொடுத்தார்கள். வங்கி ஊழியர்கள் சோறு தண்ணியில்லாமல் படிவம் நிரப்பினார்கள். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை என்று சொன்னதை மக்கள் அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். கோடிக்கணக்கில் பாஸ்புக், உள்ளே பூஜ்யம். இதில் மக்கள் தப்பு என்ன இருக்கிறது?

மேலிடத்துக்குத்தான் பூஜ்யத்தைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கியது. பூஜ்யத்தைக் குறை, குறை என்று நெருக்கடி. 2016இல் பத்திரிகைக்காரர்கள் தோண்டியபோது விஷயம் வெளியே வந்தது. சில கிளைகளில் ஊழியர்களே இந்தக் கணக்குகளில் ஆளுக்கொரு ரூபாய் போட்டு வைத்திருந்தார்கள். சிலர் டீச் செலவுக்கு வைத்திருந்த படியிலிருந்து போட்டார்களாம். பாஸ்புக்கைப் பதியக் கொடுத்த கிழவி ‘வரவு 1.00’ என்பதைப் பார்த்து, எந்தப் புண்ணியவான் போட்டானோ என்று மேலே பார்த்துக் கும்பிட்டிருப்பாள். புண்ணியவான் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பூஜ்யக் கணக்குகளின் விகிதம் இறங்கியது. டெல்லியில் வரைபடம் அழகாக வந்தது.

அதே வருஷம் நவம்பர் 8, பண மதிப்பிழப்பு. அதுவரை 45,000 கோடி சொச்சம் இருந்த ஜன் தன் இருப்பு, மாதம் முடிவதற்குள் 70,000 கோடியைத் தாண்டியது. ஏழைக்குத் திடீரென்று எத்தனை சொந்தக்காரர்கள்!

பரணில் பழைய பாஸ்புக் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். 2016 வாக்கில் ஒரு ரூபாய் வரவு இருந்தால் அது உங்களுடையதல்ல, அந்தக் கிளை கேஷியருடைய டீக்காசு. அடுத்த தடவை போகும்போது கொடுத்துவிடுங்கள்.