லசான்யா ஒரு படிவுப் பாறையே: போலோன்யா அடுக்கியலுக்கு ஒரு முன்னுரை

இறைச்சி லசான்யா பற்றிய நூல்களை நூலகங்கள் சமையல் அலமாரியில் வைத்திருப்பது வகைப்பாட்டுப் பிழை. அவற்றின் இடம் நிலவியல் அலமாரி என்பதே இக்கட்டுரையின் துணிபு. கேட்டவுடன் சிரிப்பவர்கள் முதலில் ஊரைப் பார்க்கட்டும். இத்தாலியில் அப்பெனைன் மலை சமவெளியைத் தொடும் அடிவாரத்தில் போலோன்யா இருக்கிறது. கீரை சேர்த்துப் பிசைந்த பச்சை மாவுத்தாள், மணிக்கணக்கில் அடங்கி வெந்த ரகூ என்னும் கொத்துக்கறிச் சாஸ், வெள்ளை பெஷமெல் சாஸ், துருவிய பர்மிஜானோ சீஸ் ஆகியவற்றை மாற்றி மாற்றி அடுக்கும் வழக்கத்துக்குப் பேர்போன ஊர் அது. நிலவியலுக்கு இன்று உலகம் வழங்கும் பெயரை முதன்முதலாக எழுத்தில் வைத்தவரும் அவ்வூர்ப் பேராசிரியர் உலிஸ்ஸே அல்த்ரொவாந்திதான்; 1603-இல், தம் உயிலில். பன்னாட்டு நிலவியல் மாநாடு இரண்டாம் முறை கூடியது 1881-இல் போலோன்யாவில். இத்தாலிய நிலவியல் கழகம் அதே ஆண்டில் அதே ஊரில் தோன்றியது. உலகத்தில் வேறு ஊரே இல்லையா? இருந்தது. ஆனால் அடுக்குகளைப் பற்றிப் பேச வருகிறவர்களுக்கு மதியச் சாப்பாட்டிலேயே சான்று கிடைக்கிற ஊர் வேறு இல்லை.

இலக்கணத்திலிருந்து தொடங்குவோம். பாறை அடுக்குகளை எப்படி வாசிப்பது என்று முறையாகச் சொன்ன நூல் 1669-இல் ஃபுளோரன்ஸில் அச்சானது. எழுதியவர் நீல்ஸ் ஸ்டென்சன்; டென்மார்க்கிலிருந்து வந்து மெடிச்சி குடும்பத்தின் ஆதரவில் இருந்த உடற்கூறு அறிஞர். பாறைக்கு அவர் வந்து சேர்ந்த வழி கவனிக்கத்தக்கது. 1666-இல் லிவோர்னோ பக்கம் பிடிபட்ட பெரிய சுறாவின் தலையை அறுத்துப் பார்த்தார். அதன் பல்லும், பாறைகளுக்குள் அகப்பட்டு ‘நாக்குக் கல்’ என்று பெயர் பெற்றிருந்த பொருளும் ஒன்றே என்று கண்டார். கடல் மீனின் பல் கல்லுக்குள் எப்படிப் போயிற்று என்ற கேள்வி அவரை அடுக்கியலில் கொண்டுபோய் விட்டது. மீன் தலை அறுத்ததில் பிறந்த துறைக்கும் அடுப்படிக்கும் உறவே இல்லை என்று வாதிடுவது கடினம். அவர் வகுத்தவற்றில் மூன்று விதிகள் நமக்குப் போதும். கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது. எந்த அடுக்கும் படியும்போது கிடைமட்டமாகவே படியும். பிறகு சாய்ந்திருந்தால் ஏதோ ஒன்று சாய்த்திருக்கிறது. சுவர் வந்து தடுக்கும்வரை அடுக்கு பக்கவாட்டில் தொடரும்.

மூன்றையும் ஒரு பீங்கான் தட்டத்தில் சோதித்துப் பார்க்கலாம். முதலில் அடியில் ஒரு கரண்டி சாஸைத் தடவுகிறார்கள். தாள் ஒட்டாமலிருக்க என்பார்கள் சமையல்காரர்கள். அடிப்பாறை இல்லாமல் படிவு ஏது என்போம் நாம். அதன்மேல் வேகவைத்துத் துணியில் ஈரம் ஒற்றிய தாள், ரகூ, பெஷமெல், சீஸ், மறுபடி தாள். இப்படி ஐந்தாறு சுற்று. ஓரத்தில் வெட்டிய தாள் அளவு குறைந்து ஒரு விரற்கடை இடைவெளி விழுந்தால், அதன் வழியே மேலடுக்கு ரகூ கீழே இறங்கிவிடும். பிறகு அந்த மூலையை வெட்டினால் வெள்ளை எது, சிவப்பு எது என்று தெரியாது. இளஞ்சிவப்பாக ஒரு சேறுதான் தெரியும். மலைச்சரிவில் இதைக் காணும் நிலவியலாளர் பக்கவாட்டுத் தொடர்ச்சி அறுந்ததாகக் குறிப்பேட்டில் எழுதுவார். சாப்பாட்டு மேசையில் காண்பவர், “வயிற்றுக்குள்ளே போனா எல்லாம் ஒண்ணுதானே” என்பார். இந்த இரண்டாம் மனப்போக்கே நம் துறையின் வளர்ச்சிக்குப் பெருந்தடை.

முதல் விதியைக் கொண்டே நம்மை மடக்க முயல்வாரும் உளர். அவர்கள் கூறுவது: ரகூ காலையிலேயே அடுப்பேறிவிடுகிறது, தாள் அதற்குப் பிறகுதான் தேய்க்கப்படுகிறது; ஆகவே ஒவ்வொரு இளைய தாளின் தலையிலும் ஒரு மூத்த ரகூ உட்கார்ந்திருக்கிறது. உச்சியில் தூவும் பர்மிஜானோவோ குறைந்தது 12 மாதம் முதிர்ந்தால்தான் அந்தப் பெயரோடு கடைக்கு வரலாம். கடைசியாக விழுந்ததே எல்லாவற்றுக்கும் மூத்தது என்றாகிறது. விதி தலைகீழானது அன்றோ எனின், அன்று. ஒரு மணற்கல்லின் மணல் அந்த மணற்கல்லைவிடப் பல கோடி ஆண்டு மூத்ததாக இருப்பது நிலவியலில் அன்றாடச் செய்தி. பொருள் பிறந்த காலம் வேறு, வந்து படிந்த காலம் வேறு. ஸ்டென்சன் பேசியது பின்னதைப் பற்றி.

படிவத்துக்கு மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்று ஆராய்வதும் இத்துறையின் வேலை. ரகூ விஷயத்தில் அந்த ஆவணம் பத்திரமாக இருக்கிறது. இத்தாலியச் சமையல் அகாதெமி 1982 அக்டோபர் 17 அன்று போலோன்யா வணிகச் சபையில் ஒரு செய்முறையைப் பதிவு செய்தது. மாட்டின் உதரவிதானத்தை ஒட்டிய கறி 300 கிராம், பஞ்சேட்டா என்னும் பதப்படுத்திய பன்றி வயிற்றுக் கறி 150 கிராம், கேரட், செலரி, வெங்காயம், தக்காளிச் சாஸ் வெறும் 5 கரண்டி, அரைத் தம்ளர் வெள்ளை ஒயின், ஒரு தம்ளர் பால். பூண்டு கிடையாது. பஞ்சேட்டாவின் கொழுப்பு உருகி, பொடியாக நறுக்கிய காய் அதில் வதங்கி, கறி தண்ணீர் விட்டு அந்தத் தண்ணீரும் வற்றிப் பொரியும் ஓசை எழும்போதுதான் ஒயின் ஊற்ற வேண்டும். அதற்கு முன் ஊற்றினால் கறி வேகுமே ஒழிய வறுபடாது. பிறகு சிறுதீயில் இரண்டு மணி நேரம், பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டபடி. இங்கே பருக்கை அளவும் முக்கியம். கறியைக் கொரகொரப்பாகக் கொத்த வேண்டும். மிக்ஸியில் மைய அரைத்தால் கிடைப்பது களிமண். களிமண் அடுக்கின்மேல் எது நின்றாலும் வழுக்கும் என்பதை மலைப்பாதைப் பொறியாளர் எவரும் சொல்வார்.

காலம் பற்றிய மறுப்பு இன்னொன்று: பாறைக்கு யுகங்கள் வேண்டும், லசான்யா ஒரு பிற்பகலில் முடிந்துவிடுகிறதே. இது பாறைகளைத் தூரத்திலிருந்தே பார்த்தவர்களின் எண்ணம். போலோன்யாவுக்குத் தென்கிழக்கே ரொமான்யா மலைகளில் மணற்கல்லும் சுண்ணக்களியும் மாறி மாறி நூற்றுக்கணக்கான அடுக்குகளாக அடுக்கப்பட்ட பாறைத்தொகுதி ஒன்று உண்டு. மார்னோசோ அரெனாச்சேயா என்பது பெயர். கடலடிச் சரிவில் சேறும் மணலும் திடீரெனச் சரிந்து ஓடிவந்து படிந்தவை அவை. அத்தகைய சரிவு ஒன்று கொண்டுவரும் மணல் சில மணி நேரத்திலேயே படிந்துவிடக்கூடும். யுகங்கள் கழிவது ஒரு சரிவுக்கும் அடுத்த சரிவுக்கும் நடுவே காத்திருப்பதில்தான். சமையலறையிலும் அதே கதை: அடுக்குவது கால் மணி நேரம், மீதியெல்லாம் ரகூவுக்குக் காத்திருப்பு.

இனி வெப்பம். ஓவனை 180 டிகிரியில் வைக்கச் சொல்வது பொதுவழக்கு. படிவுப் பாறை உருமாற்றப் பாறையாகத் தொடங்கும் எல்லையை நிலவியலாளர்கள் 150-க்கும் 200-க்கும் நடுவில் வைக்கிறார்கள். இவ்வளவு துல்லியமான பொருத்தம் கிடைத்தபின் வேறு ஆய்வாளராயிருந்தால் பேனாவை மூடிவிடுவார். நேர்மை கருதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: 180 என்பது ஓவனுக்குள் இருக்கும் காற்றின் சூடு, ஈரம் உள்ளவரை லசான்யாவின் உட்பகுதி 100-ஐத் தாண்டாது. ஆகவே உள்ளடுக்குகள் இறுகுகின்றனவேயன்றி உருமாறுவதில்லை. மேற்பரப்பு மட்டும் ஈரம் வற்றி, லூயி கமிய் மையார் 1912-இல் விளக்கிய வினைப்படி பழுப்பேறுகிறது. பூமியில் ஆழம் கூடக் கூடச் சூடு; இங்கே மேலே வர வரச் சூடு. எனவே இதைச் சூடான பொருள் பக்கத்துப் பாறையைச் சுட்டு மாற்றும் தொடு உருமாற்றம் என்றே வகுக்க வேண்டும். தட்டத்தின் சுவரைத் தொட்ட ஓரங்களும் இவ்வினைக்கு ஆளாகின்றன. மூன்றுக்கு நான்காக வெட்டிய 12 துண்டுகளில் முழு உருமாற்றம் கண்ட மூலைத்துண்டு நான்கு, அரை உருமாற்றம் கண்ட ஓரத்துண்டு ஆறு, ஏதும் காணாத நடுத்துண்டு இரண்டு. முறுமுறுப்பை விரும்புகிறவர் ஐவராக இருக்கும் வீட்டில் விளையும் பூசலுக்குக் காரணம் குணக்கேடு அன்று, வடிவியல். (மிச்சத்தை எஃகுத் தட்டத்திலேயே வைத்து, உணவில் படும்படி அலுமினியத் தாளால் மூடினால், உப்பும் தக்காளிப் புளிப்பும் கூடி ஒரு சிறு மின்கலம் உண்டாகித் தாளில் ஊசித் துளைகள் விழும். இதற்கு ‘லசான்யா மின்கலம்’ என்றே பெயர். வேதியியலார் நமக்கு முன்பே இங்கே குடியேறிவிட்டனர் என்பதற்குச் சான்று.)

ஓவனிலிருந்து எடுத்தவுடன் வெட்டுவது ஏன் கூடாது என்பதையும் நம் துறையே விளக்கும். கொதிநிலையில் பெஷமெல் ஓடும் பதத்தில் இருக்கிறது. சீஸ் உருகிக் கிடக்கிறது. மேலடுக்கின் பாரம் முழுவதும் வழுக்கும் தளங்களின் மேல் நிற்கிறது. கத்தி இறங்கியதும் பக்கச் சுவர் போய்விட, மேல் மூன்று அடுக்கு முன்னால் சரிய, கீழ்த்தாள் மட்டும் தட்டத்தில் தங்கிவிடும். கால் மணி நேரம் பொறுத்தால் சூடு தணிந்து மாவுச்சத்து கெட்டிப்படும், விளிம்பில் கொதித்துக்கொண்டிருந்த நெய்ப்படலம் உள்ளே இழுக்கப்படும், துண்டு நெட்டுக்குத்தாக நிற்கும். பசியோடிருப்பவரிடம் இதை விளக்க இயலாது என்பது வேறு விஷயம்.

அடுத்தது காலக்கணிப்பு. எந்தப் பாறை எக்காலத்தது என்று சொல்ல வழிகாட்டிப் புதைபடிவம் வேண்டும். லசான்யாவுக்கு அது தக்காளி. அமெரிக்கக் கண்டத்துக் காயாகிய தக்காளி இத்தாலிக்கு வந்தது 16-ஆம் நூற்றாண்டில். அதன் சாஸைச் சமையல் நூலில் ஏற்றியவர் 1690-களில் நேப்பிள்ஸில் எழுதிய அந்தோனியோ லத்தீனி. இதை வைத்துக்கொண்டு 2003-இல் எழுந்த ஒரு பெரும்பூசலைத் தீர்க்கலாம். லசான்யா எங்களுடையது என்று இங்கிலாந்தில் சிலர் அந்த ஆண்டு கிளம்பினார்கள். இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் சமையல்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த சுவடியில் ‘லொசெய்ன்ஸ்’ என்று ஓர் உணவு இருக்கிறது என்பது அவர்கள் ஆதாரம். இத்தாலியத் தூதரகம்வரை விஷயம் போனது. சுவடியைப் பிரித்தால், சாற்றில் வேகவைத்த மாவுத்தகடு, துருவிய சீஸ், இனிப்பு மசாலாப்பொடி, இரண்டு மூன்று அடுக்கு. நேப்பிள்ஸ் அரசவையோடு தொடர்புடையதாகக் கருதப்படும் 14-ஆம் நூற்றாண்டுத் தொடக்க நூலான லிபேர் தெ கொகுயினாவைப் பிரித்தால், மூன்று விரல் சதுரமாக வெட்டிய மாவுத்தகடு, சீஸ், மசாலா, அடுக்கு, குத்தித் தின்ன ஒரு மரக்குச்சி. இரண்டிலும் தக்காளி இல்லை, கொத்துக்கறியும் இல்லை. ஒரே காலப்பகுதியில் இருவேறு படுகைகளில் படிந்த ஒத்த அடுக்குகள் இவை. கீழடுக்கு நம் ஊரிலும் இருக்கிறது என்பதற்காக மேலே உள்ள ஐந்து அடுக்கையும் யாரும் உரிமை கோர முடியாது.

ஆனால் தக்காளி இல்லாததெல்லாம் பழையது என்று அவசரப்படுவது பேதைமை. பெல்லெக்ரீனோ அர்த்தூசி 1891-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் போலோன்யா கறிச்சாஸ் இருக்கிறது, தக்காளி இல்லை. லத்தீனிக்கு இருநூறு ஆண்டு கழித்தும் இல்லை! சில உயிரினங்கள் ஆழக்கடலில் மட்டும் வாழ்ந்து கரையோரப் படிவில் தென்படாதது போன்றதே இதுவும். தெற்கே பொங்கி வழிந்த தக்காளி, வெண்ணெயும் பாலும் ஆண்ட வடக்கில் மெல்லத்தான் ஏறியது. 1982-இல்கூட 5 கரண்டிதான் என்பதை மறக்க வேண்டாம். நேப்பிள்ஸ் திருவிழா லசான்யாவை எடுத்துக்கொண்டால் நிலைமையே வேறு. நாற்பது நாள் நோன்புக்கு முந்தைய செவ்வாயன்று செய்யப்படும் அதில் பெஷமெல் இல்லை. தக்காளிச் சாறு, ரிக்கோட்டா என்னும் மென்சீஸ், கோலிக்குண்டு அளவுக் கறியுருண்டைகள், வேகவைத்த முட்டை. இது கூழாங்கல் திரள்பாறை வகை. அடுக்கின் ஒழுங்கை உருண்டைகள் முட்டி முட்டிக் குலைக்கின்றன. ருசியில் குறையேதும் இல்லை, அறிவியலில்தான் கொஞ்சம் தொல்லை.

எஞ்சியிருப்பது நியமப் பணி ஒன்று. இரண்டு காலங்களின் எல்லைக்கு உலகெங்கும் பொதுவான ஒரு முன்மாதிரிப் பாறைச்சுவரைத் தேர்ந்து அறிவிப்பது நிலவியல் வழக்கம். ‘தங்க ஆணி’ என்பது அதன் செல்லப்பெயர். அப்படி முதன்முதல் தேறியது இன்றைய செக் நாட்டின் குலோங்க் என்னும் இடம், 1972-இல். அதே 1972 ஏப்ரல் 16 அன்று போலோன்யா வணிகச் சபையில் டல்யதெல்லே என்னும் நாடாப் பாஸ்தாவுக்கு முன்மாதிரி வைத்தார்கள்: வெந்தபின் அகலம் 8 மில்லிமீட்டர், அவ்வூர் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270-இல் ஒரு பங்கு. நிலவியலாருக்குப் பெயரில் மட்டுமே தங்கம். போலோன்யாக்காரர்கள் அந்த நாடாவை நிஜத் தங்கத்திலேயே செய்து பெட்டியில் வைத்தார்கள். லசான்யாவுக்கும் இத்தகைய முன்மாதிரி வேண்டும் என்று இக்கட்டுரை பரிந்துரைக்கிறது. நடைமுறைச் சிக்கல் ஒன்றே ஒன்று. வெட்டிய முகம் திறந்தவுடன் அளவெடுத்து, படம் வரைந்து, அடுக்குகளுக்கு எண் இடுவதற்குள் முன்மாதிரி தட்டுகளுக்குப் போய்விடுகிறது. பிறகு ஆய்வுக்கு எஞ்சுவது தட்டத்தின் நான்கு மூலையிலும் கருகி ஒட்டிய விளிம்புதான். அதையும் யாரோ சுடுதண்ணீர் ஊற்றி ஊறப்போட்டுவிடுகிறார்கள்.