பழைய பழமும் புதிய பழமும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி முதல் ஆறே கால் மணி வரையில், நியூயார்க் நகரத்தின் பிளஷிங் பகுதியில் என் மகன் குடியிருக்கும் வீட்டுக்கு அடுத்த வீட்டின் கார்க் கொட்டகையில், 2009-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துக் குளிரில், ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியின் மீது நான் உட்கார வைக்கப்பட்டிருந்தேன். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, என் இடுப்பு இன்னும் என் சுவாதீனத்துக்குத் திரும்பவில்லை. ஆகையால் சாந்தம், நடுநிலைமை முதலிய சற்குணங்களை இக்கட்டுரையில் எதிர்பார்க்கும் வாசகர்கள், தைலம் வேலை செய்த பிறகு நான் எழுதக்கூடிய வேறொரு கட்டுரைக்காகப் பொறுத்திருப்பது நலம்.

அது சாமானியமான நாற்காலி அன்று. மெட்ஸ் என்னும் பேஸ்பால் அணியார் 1964-ஆம் ஆண்டு முதல் 2008-ஆம் ஆண்டு வரையில் ஆடிவந்த ஷே ஸ்டேடியத்தின் உச்சி மாடத்தில் இருந்த நாற்காலி. ஸ்டேடியத்தை இடிக்குமுன் ஆசனங்களைப் பெயர்த்து, ஜோடி 869 டாலர் என்று விற்றார்கள், வரி தனி. 86 என்பது 1986. 69 என்பது 1969. அணியார் சாம்பியன் பட்டம் வென்றது அந்த இரண்டே வருஷங்களில்தான். இன்னும் ஒரு முறை ஜெயித்திருந்தால் விலை ஐந்து இலக்கத்துக்குப் போயிருக்குமே என்று எண்ணியபோது, அவர்களுடைய நெடுங்காலத் தோல்விகளின் மீது எனக்கு முதன்முதலாக ஒரு மரியாதை உண்டாயிற்று. அடுத்த வீட்டுப் பெரியவர் ஒரு ஜோடியை வாங்கிவந்து, கனத்த பலகையில் திருகாணி கொண்டு முடுக்கி, ஒன்றில் தாமும் மற்றொன்றில் அன்றைக்கு அகப்பட்டவருமாக அமர்ந்து, புதிய ஸ்டேடியத்தை நிந்திப்பதை ஞாயிறுதோறும் ஓர் அநுஷ்டானமாக வைத்துக்கொண்டிருக்கிறார். இரவல் போன எங்கள் ஏணியைத் திருப்பிக் கேட்கப் போனவன், அகப்பட்டேன்.

இரண்டு வருஷங்களுக்கு முன் இதே பெரியவர் வேலியோரம் நின்றுகொண்டு இதே நாற்காலியின் வர்க்கத்தைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளை நான் மறக்கவில்லை. உட்கார்ந்தால் முழங்கால் முன்வரிசைக்காரரின் பிடரியில் இடிக்கும் என்றார். ஆட்டக்காரர்கள் எறும்புகளாகத் தெரிவார்கள் என்றார். லகார்டியா விமான நிலையத்தில் இறங்கும் விமானங்களின் இரைச்சலில் தம் காது ஒன்று போய்விட்டது என்றார். இந்தச் சனியனை என்றைக்கு இடிப்பார்களோ என்று ஆகாயத்தை நோக்கிக் கைகூப்பவும் செய்தார். 2009 பிப்ரவரியில் கடைசித் துண்டும் கீழே விழுந்தது. மறுநாள் காலையில் அவ்விடம் கைலாசமாகிவிட்டது. விமானம் இப்போதும் அதே தலைக்கு மேல்தான் போகிறது. ஆனால் பழைய விமானங்களின் நாதம் வேறாம்.

நம்மவர்களுக்கு இந்த மனோபாவத்தை விளக்கவேண்டிய அவசியம் இல்லை. கிரைண்டர் வந்த நாள் முதலாக ஆட்டுக்கல் மாவின் ருசியைப் பற்றி உருகி உருகிப் பேசிவருபவர்களில், அந்தக் கல்லை ஒரு நாளாவது சுற்றிய ஆண்மகன் எவனும் இல்லை என்று என் மனைவி அடிக்கடி சொல்வது யாரை உத்தேசித்து என்பதும் எனக்குத் தெரியும். இதன் அடியில் முக்கியமான ஓர் உண்மை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். அதற்கு முன்னால், பெரியவருடைய புகார்ப் பட்டியலைச் சுருக்கமாகத் தெரிவித்துவிடுகிறேன்.

முதற்புகார் சகுனம். ஏப்ரல் 13-ஆம் தேதி சிட்டி ஃபீல்டு என்ற புதிய அரங்கத்தில் முதல் ஆட்டம். மெட்ஸ் அணியின் பந்தெறிபவர் மைக் பெல்ஃப்ரீ எறிந்த மூன்றாவது பந்தையே, சான் டியேகோ அணியின் முதல் ஆட்டக்காரர் ஜோடி கெரட், மதிலுக்கு அப்பால் ஹோம் ரன்னாக அடித்துவிட்டார். புது ஸ்டேடியத்தில் முதல் ஆளே இப்படி அடித்தது பேஸ்பால் சரித்திரத்திலேயே அதுவரை இல்லாத விஷயம். பிறகு பெல்ஃப்ரீ எறியும் மேட்டிலேயே சறுக்கி விழுந்தார். போதாதென்று மைதானத்துக்குள் ஒரு பூனை ஓடிற்று. 1969-இல் ஷே ஸ்டேடியத்தில் ஓடிய கறுப்புப் பூனையோ, மரியாதை தெரிந்த பூனை. எதிரிகளான சிகாகோ அணியார் உட்கார்ந்திருந்த பக்கமாகப் போய், அவர்களைக் கவிழ்த்து, மெட்ஸுக்குப் பட்டத்தை வாங்கிக் கொடுத்தது. புதுப் பூனைக்கு அந்தப் பயிற்சி இல்லை. முடிவில் 6-க்கு 5 என்று மெட்ஸ் தோற்றது. அந்த ஆறாவது ஓட்டமும், எறிபவர் விதிமீறி அசைந்தார் என்பதற்காக எதிரிக்குத் தானமாகப் போனது.

இரண்டாம் புகார் சம்பிரதாயம் பற்றியது. அரங்கத்தின் முகப்பு, புரூக்ளினில் முன்பு இருந்த எப்பெட்ஸ் மைதானத்தின் சாயலில் கட்டப்பட்டது. உள்ளே நுழைந்தால் ஜாக்கி ராபின்சன் பெயரால் ஒரு வட்ட மண்டபம். 1947-இல் நிறபேதத்தை உடைத்துக்கொண்டு ஆடவந்த அந்த மகாபுருஷரைக் குறை சொல்லப் பெரியவருக்கு நா எழாது. ஆனால் அவர் ஆடியது டாட்ஜர்ஸ் அணியில். அந்த அணியோ 1957-ஆம் ஆண்டுப் பருவத்தோடு மூட்டை கட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டது. பெருமாள் கோயில் என்று நம்பித் துளசிமாலையோடு உள்ளே போனால், எங்கு திரும்பினாலும் நந்தி நிற்பது போல என்று, பெரியவர் சொன்னதை நான் தமிழ்ப்படுத்திக்கொண்டேன். நாற்காலிகளோ அணியின் நீலமும் ஆரஞ்சும் அல்லாமல் கரும்பச்சை. மேல்தட்டில் சில இடங்களிலிருந்து மைதானத்தின் ஒரு மூலை தெரிவதில்லை. "ஷேயில் எறும்புகளையாவது முழுசாகப் பார்த்தோம்" என்றார்.

மூன்றாம் புகார் மதில். 2009-இல் இடதுபுறத்துச் சுவர் சுமார் 16 அடி உயரம் இருந்தது. வலது நடுப்பக்கத்துச் சுவர் 415 அடி தூரத்தில் இருந்தது. 2008-இல் 33 ஹோம் ரன் அடித்த மெட்ஸ் ஆட்டக்காரர் டேவிட் ரைட், 2009-இல் அடித்தது 10. அணி முழுவதும் சேர்ந்து வருஷம் முழுக்க அடித்தது 95. முப்பது அணிகளில் இதுவே கடைசி. இந்த இடத்தில்தான் ஆப்பிள் பிரஸ்தாபம் வந்தது. என் இடுப்புக்கு விநாசகாலமும் வந்தது.

ஷே ஸ்டேடியத்தில் 1980-ஆம் ஆண்டு முதல், மெட்ஸ் ஆட்டக்காரர் ஒருவர் ஹோம் ரன் அடித்து நான்கு மூலைகளையும் சுற்றி வரும்போது, சுவருக்கு அப்பால் வாய் மேலாக வைத்த ஒரு பெரிய தொப்பியிலிருந்து சிவந்த ஆப்பிள் ஒன்று மேலெழும்பும். சுற்றி வருகிறவனுக்குப் பழம் என்றதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. சில தெருக்கள் தள்ளி, பௌன் தெருவில், 1977-ஆம் ஆண்டு முதல் கோயில் கொண்டிருக்கும் மகாகணபதியின் குடும்ப விவகாரத்தை எடுத்துவிட்டேன். அண்ணன் இருந்த இடத்திலேயே தாய் தந்தையரைச் சுற்றிப் பழத்தை வாங்கிக்கொண்டதையும், தம்பி மயிலேறி உலகம் முழுவதும் சுற்றி வந்து வெறுங்கையோடு நின்றதையும் சொல்லி, நியாயமாகச் சுற்றியவனுக்கே பழம் கிடைத்த ஸ்தலம் பூலோகத்தில் ஷே ஸ்டேடியம் ஒன்றுதான் என்றும், இது முன்பே தெரிந்திருந்தால் முருகன் பழனிக்குப் போகாமல் ஏழாம் நம்பர் ரயிலேறி இங்கே வந்திருப்பான் என்றும் வியாக்கியானம் செய்தேன்.

பெரியவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தது என் பிழை. அவர் சிந்தனையில் ஆழ்ந்தார். அந்தப் பழம் மெதுவாக எழும்பியதா என்று கேட்டார். எழும்பவில்லை, நாரதர் கையில் கொண்டுவந்தார் என்றேன். அப்படியானால் அது புதிய ஆப்பிளின் ஜாதி என்றார். புதிய அரங்கத்தில் வேறோர் ஆப்பிள் வைத்திருக்கிறார்கள், பழையதைவிட மிகப் பெரியது, வழவழவென்று எழும்புகிறது. முக்கி முனகி, வருமோ வராதோ என்று அடியார்களைத் தவிக்கவிட்டு எழும்பாத பழத்தில் பக்திக்கு என்ன இடம் என்பது அவர் கட்சி. பழம் பெரிதாகிவிட்டது, சுற்றுகிறவன்தான் இல்லை, என்று நானும் என் பங்குக்கு ஒன்று சொல்லிவைத்தேன். முதல் நாளில் அந்த மைதானத்தை முதலில் சுற்றியவன் அந்நியன் அல்லவா என்று அவர் பெருமூச்செறிந்தார். அந்நியன் சுற்றினால் பழம் எழும்பாது, அது தேவஸ்தான விதி. பழைய ஆப்பிள் என்ன ஆயிற்று என்றேன். 2009-இல் அதையும் கொண்டுவந்து உள்ளே ஒரு வாசலருகில் வைத்திருந்தார்கள், எழும்பாது, பார்த்துக்கொள்ளலாம், பென்ஷன் வாங்கிய தாசில்தார் கச்சேரி வாசலில் நிற்பது போல. பிறகு, இத்தனை சச்சரவுக்கு அந்தப் பழத்தை இரண்டாக நறுக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று திடீரென்று கேட்டார். நறுக்கினால் மகிமை போய்விடும் என்றேன். பெரியவர் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். "அதைத்தானே ஏப்ரல் மாதத்திலிருந்து சொல்லிவருகிறேன்! ஓர் ஆப்பிள் இருந்தது. இரண்டாக்கினார்கள். 92 ஆட்டங்களில் தோற்றோம்!"

இதற்கு மறுமொழி சைவ சித்தாந்தத்திலும் இல்லை.

நகரத்தின் பிராங்ஸ் பகுதியிலும் இதே ஏப்ரலில்தான் மற்றோர் உள்ளூர் அணியான யாங்கீஸ் அணியார் சுமார் 150 கோடி டாலர் செலவில் புதிய அரங்கம் திறந்தார்கள். முதல் ஆட்டத்தில் கிளீவ்லாந்திடம் 10-க்கு 2 என்று தோற்றார்கள். 2,500 டாலர் டிக்கெட்டுக்கான ஆசனங்கள் காலியாகக் கிடந்ததைத் தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது. 1923-ஆம் ஆண்டு முதல் பேப் ரூத் என்னும் மகா ஆட்டக்காரர் ஆடிய இடத்தை விட்டுவந்த பாவம் என்றார்கள். நவம்பர் 4-ஆம் தேதி இரவு, அதே புதிய அரங்கத்தில், அவர்கள் சாம்பியன் பட்டம் வென்றுவிட்டார்கள். என் மகனுடைய ஆபீஸ் நண்பர் ஒருவர், சித்திரை முதல் ஐப்பசி வரையில் பாபேல் கோபுரம் என்று வைதவர், இப்போது அதன் படிக்கட்டுகளின் அகலத்தைப் புகழ்கிறார். எனக்கு இவரைவிட என் பெரியவரே மேல். தோற்றவனுடைய புகாரில் ஒரு கற்பு இருக்கிறது.

நான் சொல்ல வந்த முக்கியமான உண்மைக்கு இப்போது வந்திருக்க வேண்டும். ஆனால் நான் எழுந்தபோது பெரியவர் சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஷே இருந்த இடம் இன்று கார் நிறுத்தும் வெளி. எறியும் மேடும் நான்கு மூலைகளும் இருந்த இடங்களைத் தரையில் அடையாளமிட்டிருக்கிறார்கள். பருவம் முடிந்துவிட்டதால் அங்கே கார்கள் இரா. வரும் ஞாயிறு இரண்டு நாற்காலிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், அவை முன்பு இருந்த இடத்திலேயே போட்டு, நாம் இருவரும் சற்று நேரம் உட்கார வேண்டும் என்றார். அவை இருந்தது உச்சி மாடமாயிற்றே, அந்த இடத்தில் இப்போது ஆகாயமல்லவா இருக்கிறது என்றேன். அதை யோசிக்காமல் இல்லை என்றார்.

வாசலில் நின்றுகொண்டு ஏணியைக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரையில் இருக்கட்டும் என்றார்.