வீட்டுப்பாடக் கணக்கில் ஆடு, கோழி, ரயில்: ஒரு மாரண்டஹள்ளி ஆராய்ச்சி

ஆய்வுப் பொருள்: வீட்டுப்பாடமாக வரும் வாக்கியக் கணக்கு. களம்: தருமபுரி மாவட்டம், பாலக்கோடு வட்டம், மாரண்டஹள்ளி. காலம்: விளக்கு வைத்ததிலிருந்து அம்மா சாப்பிடக் கூப்பிடும் வரை. கருதுகோள்: இந்தக் கணக்கு வராத பிள்ளைக்கு மூளை குறைவு என்பது தவறு, உலக ஞானம் கூடிப்போனதே காரணம்.

முன்னோர் வழி: காரிநாயனாரின் ‘கணக்கதிகாரம்’ பலாப்பழத்தைப் பிளக்காமலே சுளையை எண்ணச் சொல்லித் தருகிறது. காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் 100 என்றால் சுளை 120. அறுத்துச் சரிபார்க்கச் சொல்லாததால் பழமும் பிழைத்தது, சூத்திரமும் பிழைத்தது.

முதற்சான்று: ‘ஆடும் கோழியுமாகத் தலை 20, கால் 56. ஆடு எத்தனை?’ ஆடு எக்ஸ் என்க. இருபதும் கோழியே என்றால் கால் 40, மிச்சம் 16. ஆடு ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால் கூடுதல், ஆகவே எக்ஸ் 8. பையன் இதுவரை வந்துவிடுவான். வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் ஆயா அப்போதுதான் தடை எழுப்புவார்: “ஏன்டா, தலைய எண்ணுனவனுக்குக் கொம்பு கண்ணுல படலியா?” இயற்கணிதத்தில் இதற்கு விடை இல்லை.

இரண்டாம் சான்று, எதிர் மாறல்: ஒரு தோட்டத்துத் தக்காளியை 6 பேர் 8 மணி நேரத்தில் பறித்தால், 12 பேர்? நான்கு மணி என்கிறது விடைப் பக்கம். தக்காளிச் சீமைப் பிள்ளையோ பென்சிலைக் கடிக்கிறது. 12 பேர் வந்தால் பேச்சு இரட்டிப்பாகும், டீ இரண்டு தரம் வர வேண்டும், பழம் போடும் கிரேடு பத்தாது. ஐந்தரை மணி என்று எழுதினால் சிவப்பு மையில் பெருக்கல் குறி விழுகிறது.

மூன்றாம் சான்று: எதிரெதிரே புறப்பட்ட இரு ரயில்கள் எங்கே சந்திக்கும்? தருமபுரி வழியாக சேலத்திலிருந்து பெங்களூர் போகும் பாதை இங்கே ஒற்றைத் தண்டவாளம். ஒரு வண்டி ஸ்டேஷனில் ஒதுங்கி நின்றால்தான் எதிர்வண்டி போக முடியும். ஆகவே ‘ஸ்டேஷனில்’ என்பதே சரியான விடை. வேறெங்காவது சந்தித்தால் மறுநாள் பேப்பரில் வரும்.

மறுதரப்பு: உலக ஞானத்தை அடியோடு மறந்தவர் கதி என்ன? பிரான்சின் கிரனோபிள் நகரில் நடந்து 1980இல் வெளியான ஆய்வில், ‘கப்பலில் 26 செம்மறியாடு, 10 வெள்ளாடு, கேப்டனின் வயது என்ன?’ என்று தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் 97 பேரைக் கேட்டார்கள். 76 பேர் அந்த எண்களை வைத்தே வயதைச் சொல்லிவிட்டார்கள். ஆட்டைக் கூட்டினால் ஆள் வயது வருமா என்று கேட்க அங்கே ஓர் ஆயா இல்லை.

முடிபு: கணக்குப் போடும்போது உலகத்தைக் கொஞ்சநேரம் வாசலில் நிறுத்தலாம், துரத்திவிடக் கூடாது. எனவே ஒவ்வொரு கணக்கின் கீழும் ‘மழை இல்லை, கூலியாள் யாரும் லீவு இல்லை, ரயிலுக்குக் கிராஸிங் இல்லை எனக் கொள்க’ என்று அச்சிட வேண்டும். கேப்டன் வயதுக்கு ‘தெரியாது’ என்று எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் போட வேண்டும்.