பின்பனியும் பெருவிரலும்: ரிமோட் விமானம் விடுவோர் கைச்சூடு குறித்த ஓர் ஆய்வு

பின்பனியைப் பாலைத் திணைக்குரிய பெரும்பொழுதாக வைத்தார் தொல்காப்பியர். பாலையின் உரிப்பொருள் பிரிதல். தலைவன் தலைவியைப் பிரிவதோடு உரைகாரர்கள் நிறுத்திக்கொண்டார்கள். கோட்டுப் பையைக் கை பிரிவதும் இதில் அடங்கும் என்பது இக்கட்டுரையின் துணிபு. பிப்ரவரியில் டொரண்டோவுக்கு வடக்கே, பனி மூடிய ஒரு சோள வயலில் ரிமோட் விமானம் விட நின்றவர் எவரும் இதை மறுக்கார்.

முதலில் ஆய்வெல்லை. விமானத்துக்குக் குளிரால் பெரிய கேடில்லை. சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சறுக்குக்கட்டை பூட்டினால் பனிமேல் வழுக்கி எழும்பிவிடும். மைனஸ் 20 டிகிரிக் காற்று 30 டிகிரிக் காற்றைவிட ஏறத்தாழ 20 சதவீதம் அடர்த்தி கூடியது. இறக்கைக்கு அது விருந்துச் சாப்பாடு. பாடுபடுவன கீழே நிற்பவரின் இரண்டு கைகளே.

முன்னோர் இச்சிக்கலைத் தந்திரமாகத் தவிர்த்திருக்கிறார்கள். 1898இல் நிகோலா டெஸ்லா தம் வானொலிப் படகை நியூயார்க் மாடிசன் சதுக்க அரங்கில், கூரைக்குக் கீழே, தொட்டி நீரில் ஓட்டிக் காட்டினார். குளிரை அளக்கப் போனவர்களும் விரலைக் கண்டுகொள்ளவில்லை. அண்டார்க்டிகாவில் பால் சைப்பிளும் சார்ல்ஸ் பாசெலும் பிளாஸ்டிக் குப்பியில் நீரைத் தொங்கவிட்டு, அது உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தே காற்றின் கடுப்பைக் கணக்கிட்டார்கள். பிற்பாடு திருத்தப்பட்ட இன்றைய வாய்பாட்டின்படி, மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 18. குப்பிக்கு த்ராட்டில் பிடிக்கும் வேலை இல்லை என்பதைக் கவனிக்க.

ரிமோட்டின் ஸ்டிக்கைப் பிடிப்பதில் இரு கட்சிகள் உண்டு. பெருவிரல் நுனியை மட்டும் ஸ்டிக்கின் தலையில் வைப்போர் பெருவிரலார். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துப் பிடிப்போர் கிள்ளுவார். கோடையில் இவர்களுக்குள் நடக்கும் வாதம் சைவ வைணவப் பூசலுக்குக் குறைந்ததன்று. பனிக்காலத்தில் இரு சாராரும் ஒரே மொழி பேசுகிறார்கள். "கை விறைச்சுப் போச்சு" என்பதே அது.

இச்சொல்லை இங்கே சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். விறைத்தல் வேறு, மரத்தல் வேறு. விறைத்த விரலுக்கு ஸ்டிக் எங்கே இருக்கிறது என்று தெரியும், அசைக்க வராது. மரத்த விரல் ஏதோ அசைக்கும், எதை அசைத்தோம் என்று அதற்குத் தெரியாது. முதலாவதில் விமானம் தாமதமாகத் திரும்பும். இரண்டாவதில் விமானம்தான் நமக்குச் செய்தி சொல்ல வேண்டும்.

உடல் இதற்கு மாற்று வைத்திருக்கிறது. குளிரில் சுருங்கிய விரல் நாளங்கள் சற்று நேரத்தில் தாமே விரிந்து, மறுபடி சுருங்கி, மறுபடி விரியும் என்று தாமஸ் லூயிஸ் 1930இல் எழுதினார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பனிநீரில் விரலை அமிழ்த்தினால் அந்த முதல் விரிவுக்கே ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். என் விமானத்தின் பேட்டரிக்கு ஆயுள் ஏழு நிமிடம். இரத்தம் விரலுக்கு வந்துசேரும்போது விமானம் பெரும்பாலும் தரையில் இருக்கும், சில நாள் மரத்தில்.

செயற்கை வழிகளில் தடித்த கையுறையை ஆய்வுக்கே எடுக்கவில்லை. அதைப் போட்டுக்கொண்டு ஸ்டிக் பிடிப்பது, போட்டுக்கொண்டு கோலம் போடுவதற்கு ஒப்பு. ரிமோட் முழுவதையும் விழுங்கும் துணிப்பை ஒன்று இருக்கிறது. மேலே கண்ணாடித்தாள் சன்னல், இரு பக்கமும் கை நுழைக்க ஓட்டை. உள்ளே வெதுவெதுப்பு உண்மை. ஆனால் மூச்சுக்காற்று பட்டுச் சன்னல் மங்கியதும், மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகரின் நிலைக்கு வந்துவிடுவோம். தரகருக்காவது எதிராளியின் விரல் பதில் சொல்லும்.

அடுத்தது சூட்டுப் பொட்டலம். இரும்புத்தூள், உப்பு, நீர், கரித்தூள். உறையைப் பிரித்ததும் காற்றுப் பட்டு இரும்பு துருப்பிடிக்கும், அந்தத் துருவே சூடு. இறுக்கமான கையுறைக்குள் திணித்தால் காற்றில்லாமல் சோர்ந்துவிடும். கள ஆய்வில் வெளிப்பட்டது வேறொன்று: பொட்டலம் கைக்குப் போவதே இல்லை. லித்தியம் பேட்டரி குளிர்ந்தால் மின்னழுத்தம் சட்டென்று இறங்கும் என்பதால், கம்பளி உறையில் பேட்டரிக்கு இரு பக்கமும் இரண்டு பொட்டலம் வைத்து, கைக்குழந்தையைப் போல் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவருகிறார்கள். என்னோடு வரும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவரிடம் காரணம் கேட்டேன். "கை சும்மா கிடைச்சது தம்பி, பற்றரி காசு குடுத்து வாங்கினது" என்றார். இத்துறையில் இதைவிடத் தெளிவான கோட்பாட்டை நான் கண்டதில்லை.

பயம் கையைச் சூடாக்கும் என்றொரு கருதுகோளும் உலவுகிறது. விமானம் சூரியனுக்குள் புகுந்து காணாமற்போன கணத்தில் சோதித்தேன். உள்ளங்கை வியர்த்தது, விரல்கள் முன்னைவிடச் சில்லிட்டன. வியர்க்க வைக்கும் நரம்பு மண்டலமே நாளங்களையும் சுருக்குகிறது என்பதால் இக்கருதுகோள் தள்ளுபடி.

எஞ்சியது தேநீர்க் குடுவை. பறக்கவிடும்போது அதைத் தொட முடியாது. இரு கையும் ஸ்டிக்கில் இருக்கின்றன. இறக்கியபின் தொட்டோம். நான் மூடியைத் திருகினேன், அசையவில்லை. அண்ணை திருகினார், பின் பல்லால் முயன்றார். இவ்வளவு நேரமும் பாக்கெட்டில் கைவிட்டபடி, எப்போது வீட்டுக்குப் போவோம் என்று நின்ற அவர் பேரன், "தாங்கோ அங்கிள்" என்று வாங்கி ஒரே திருகில் திறந்தான். முதல் கோப்பையை அவனே குடித்தான்.