செயற்கை முதுமை: உப்புத்தாள் நோக்கில் ஓர் ஆய்வு

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிலையைச் செதுக்கி முடித்த சிற்பி, உளித்தடம் தெரியாமல் போகும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார். கலிபோர்னியாவின் கொரோனா நகரில், ஃபெண்டர் கிதார் கம்பெனியின் கஸ்டம் ஷாப்பிலும் உப்புத்தாள் உண்டு. அங்கே கிதார் பளபளவென்று தயாரான பிறகுதான் அதற்கு வேலை: பூச்சை உரித்து மரத்தை வெளியே காட்ட வேண்டும். ஒரே தாளுக்கு இரண்டு நேரெதிர்க் கடமைகள் எப்படி வாய்த்தன? முனைவர் பட்டத்துக்குப் போதுமான அளவு அற்பமானது என்பதால் இப்பொருள் இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

புதிய கிதாரைப் பழையதுபோல் தேய்த்து விற்கும் 'ரெலிக்' வரிசையை ஃபெண்டர் 1995இல் வெளியிட்டது. தொடக்க ஆண்டுகளில் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த வின்ஸ் கியூனெட்டோ கிதார் உடல்களுக்கு வண்ணமடித்து, அடித்த வண்ணத்தைத் தாமே கெடுத்தும் அனுப்பினார். தன் பழைய கிதார்களுக்குச் செய்து தந்த நகல்கள் ரொம்பப் புதிதாக இருக்கின்றன என்று ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் சலித்துக்கொண்டதே இதற்கு வித்து என்று ஒரு கதை உலவுகிறது. 2021இல் கிப்சன் கிதார் கம்பெனியின் 'மர்ஃபி லேப்' வந்தது. அங்கே முதுமை 'அல்ட்ரா லைட்' முதல் 'அல்ட்ரா ஹெவி' வரை தரம் பிரித்து விற்கப்படுகிறது. அடி கூடக் கூட விலையும் கூடும். பழைய பாத்திரக் கடைக்காரர் கேட்டால் மயங்கி விழுவார்.

கெடுப்பதற்கும் இலக்கணம் உண்டு. நைட்ரோசெல்லுலோஸ் பூச்சைச் சட்டென்று குளிர வைத்தால் அது மரத்தைவிட வேகமாகச் சுருங்கி, நெடுக வெடிக்கும். திருகாணிகளுக்கு அமிலப் புகை காட்டினால் துரு ஏறும். எந்த இடத்தில் தேய்ப்பது என்பதில்தான் வித்தை இருக்கிறது. முழங்கை உரசும் மேல்விளிம்பிலும், பெல்ட் பக்கிள் படும் முதுகிலும், விரல் ஓடும் கழுத்திலும் தேயலாம். கை எட்டாத மூலையில் தேய்ந்திருந்தால் ரசிகன் சிரித்துவிடுவான். கட்டை பழையது, தேய்மானம் புதியது என்ற வேடிக்கையும் உண்டு: விரல்பலகைக்குப் பெரிதும் பயன்படும் ஈட்டி மரம் தென்னிந்தியக் காடுகளில் பல பத்தாண்டுகள் நின்று, யார் உதவியுமில்லாமல் முதிர்ந்தது.

இத்துறையின் மூலவிக்கிரகம் அயர்லாந்து கலைஞர் ரோரி கல்லகரின் 1961ஆம் ஆண்டு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதார். ஆண்டுக்கணக்கில் மேடையில் வழிந்த வியர்வையில் அதன் வண்ணம் பெருமளவு போய்விட்டது. திருடு போய் மீண்டும் கிடைத்த வரலாறும் அதற்கு உண்டு. ஃபெண்டர் அதன் நகலையும் விற்றது. ஒரு துளி வியர்வை சிந்தாமல் வாங்குபவருக்கு அந்த வியர்வையின் தடம் முழுதும் கிடைத்தது.

பிக்கப் விஷயத்தை அவ்வளவு எளிதாகக் கேலி செய்ய முடியாது. தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக்கும் அது, அல்நிகோ காந்தத்தின்மேல் தலைமுடி போன்ற செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றிய சுருள். சீமோர் டங்கன் கம்பெனியின் 'ஆன்டிக்விட்டி' பிக்கப் வகையில் காந்தத்தின் வலுவை வேண்டுமென்றே சற்றுக் குறைக்கிறார்கள். வலு குறைந்தால் தந்தியை இழுப்பதும் குறையும், ஒலியும் சற்று மென்மையாகும். இதில் இயற்பியல் இருக்கிறது. பிக்கப்பின் பிளாஸ்டிக் மூடியை மஞ்சளாக்குவதில் இருப்பது மஞ்சள் மட்டுமே.

பழமை உண்மையில் காதுக்குக் கேட்கிறதா என்று வயலினை வைத்துச் சோதித்தவர்களும் உண்டு. கிளாடியா ஃப்ரிட்ஸ் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 21 வயலின் கலைஞர்கள் கண்ணை மறைத்துக்கொண்டு வாசித்தார்கள். பெரும்பாலோர் புதிய வயலின்களையே விரும்பினர்; மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு பழைய ஸ்ட்ராடிவாரி வயலின். கண் திறந்திருக்கும்போதுதான் பழமை அதிகம் ஒலிக்கிறது போலும்.

புது வண்டி சீட்டின் பாலிதீன் உறையை அது தானாகக் கிழியும்வரை கழற்றாத தமிழருக்கு இதெல்லாம் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். அதே தமிழர் தியாகராய நகரில் 'ஆன்டிக்' நகை கேட்டு, நேற்று உருக்கிய தங்கத்தை மங்க வைத்துக் கொடுத்ததற்குச் செய்கூலியும் தந்துவிட்டு வருகிறார். ஆகவே நாகரிக வேறுபாடு என்ற வாதம் இவ்வாய்வில் தள்ளுபடி செய்யப்படுகிறது.

ஃபெண்டரின் பட்டியலில் 'க்ளோசெட் கிளாசிக்' என்றொரு வகையும் இருந்தது. அன்றே வாங்கி, சில முறை வாசித்து, அலமாரியில் வைத்து மறந்துபோன கிதாரின் தோற்றம் அதற்கு. இந்த வகையில் கொரோனா நகரம் தமிழகத்தோடு போட்டியிட முடியாது. பெண் பார்க்க வருபவர்கள் முன் வாசிக்கவென்று வாங்கி, கல்யாணத்தோடு பரணேறிய வீணைகள் இங்கே அசல் சரக்காகவே கிடக்கின்றன.