பாபின் நெறைஞ்சுபோச்சு, அப்புனு

ஏனப்புனு, ஒன்றரை ஷிப்டுக்குத் தெம்பு வேணும்னு குளுக்கோஸ் பாக்கெட்டை அப்பிடியே வாயில கொட்டுறயே, ரொம்ப நல்லது. கொட்டு சாமி. அருள்புரத்து மளிகைக்கடைக்காரரும் பொழைக்கோணுமல்ல!

கைநாட்டுக் கெழவனுக்கு என்ன தெரியும்னு சிரிக்காதே. பேத்தி பன்னெண்டாவது. ராத்திரி அவ சத்தம் போட்டுப் படிக்கிறதுல பாதி என்ற காதுலதான் ஏறுது. சர்க்கரையைச் சதை நேரா எடுத்து வேலை செய்யாதாமா. கோன்ல நூல் எத்தனை கிலோ கெடந்தா என்ன, சிங்கர் மிஷின் பாபினைத்தானே கேக்குது? உடம்பு கேக்குற பாபினுக்குப் பேரு ஏடிபி. செல்லுக்குள்ள சர்க்கரையை ரெண்டாப் பொளந்தா மொத லாபம் 2 ஏடிபிதான்; அதுக்குக் காத்து வேண்டாம். பொறகு மைட்டோகாண்ட்ரியாவுல ஆக்சிஜன் வந்து சேர்ந்தாத்தான் கணக்கு 30ஐத் தொடும். கழிவு தண்ணியும், நீ வெளிய உடுற கரியமிலவாயுவும். உடம்புல ஏடிபி இருப்பு கால் கிலோ கூடத் தேறாது. ஆனா காலியாகக் காலியாகச் சுத்தி நெரப்பி, ஒரு நாள்ல பொழங்குறது உன்ற எடைக்குக் கிட்ட வந்துரும்.

இந்த ஏடிபியைக் கண்டவங்கள்ல ஒருத்தரு மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்ச எல்லாப்பிரகட சுப்பாராவ். கதர் போட்டது வெள்ளைக்கார வாத்தியாருக்குப் பொறுக்கல, எம்.பி.பி.எஸ். இல்லாம, அதுக்குக் கொறைஞ்ச எல்.எம்.எஸ். பட்டத்தோட அனுப்பிப்போட்டாங்க. நம்ம திருப்பூரும் அப்பக் கதருக்குப் பேர்போன ஊருதான். பொறகு அவரு அமெரிக்கா போயி, ஹார்வர்டுல ஃபிஸ்க்குங்கிறவரோட சேர்ந்து 1929ல சதையில இருந்து ஏடிபியைப் பிரிச்சாரு. அதே வருசம் ஜெர்மனியில லோமான்ங்கிறவரும் பிரிச்சாரு. ஹார்வர்டு சுப்பாராவுக்கு நிரந்தர வேலை குடுக்கல. நீ தைக்கிற பனியன்ல சீமைக்காரன் லேபிள் ஏறுது, உனக்கு வெளக்கோணுமா?

அது கெடக்குது. பாபின் நெறைஞ்சா சுத்துறது தானா நிக்குமல்ல? உடம்பும் அப்பிடித்தான். ஏடிபி போதும்னா, அந்த ஏடிபியே சர்க்கரை ஒடைக்கிற என்சைமைப் புடிச்சு நிறுத்திப்போடும். அப்பறம் நீ கொட்டுறது எங்க போகும்? ஈரல்லயும் சதையிலயும் கொஞ்சம் கிளைக்கோஜனா அடையும். அதுவும் ரொம்புனா கொழுப்பு. போன தீவாளிக்கு எடுத்த பேண்ட் இப்ப ஏன் பட்டன் போட மாட்டேங்குது? டைலரு, நீயே யோசி.

பண்டல் தூக்குனா, படி ஏறுனா ஏடிபி செலவாகும், மறுபடி சுத்தும். ஆனா அதெல்லாம் உனக்கு ஒத்தாசைக்கு நிக்குற கைமடிப் புள்ளை பாத்துக்கும், நீ ராசா. ஞாயித்துக்கெழமை கட்டில்லயே சாஞ்சுக்கிட்டு இன்னும் ரெண்டு பாக்கெட் ஒடை. பேண்டைக் கொண்டா, நாடா வெச்சுத் தர்றேன். கூலி வேண்டாம்.